கப்பல் ராணிக்கு ஏற்றிய மெழுகுதிரி

மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டால் எங்கள் தெருவில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். புயல் வரலாம் என்று துறைமுகத்துக் கம்பத்தில் ஏற்றுகிற அடையாளம் அது. எங்கள் மாடியில் நின்றால் அந்தக் கம்பம் தெரியாது. தெரியாது என்று அறிந்தும் என் மனைவி காலையிலும் சாயங்காலமும் மாடிக்குப் போய் அந்தத் திசையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

எங்கள் மகன் கடலில் இருந்தான். எங்களுக்கு இருப்பது அவன் ஒருவன்தான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி மாலத்தீவுக்குப் போன தோணியில் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிற வேலை. கிளம்பும்போது கடல் அலையில்லாமல் கிடந்தது. போய்ச் சேர்ந்தோம் என்று போன் வரவேண்டிய நாள் வந்தது, கடந்தும் போனது. தோணி முதலாளியிடம் கேட்டேன்.

"எங்கயாவது ஒரு தீவுல ஒதுங்கியிருப்பானுவ அண்ணாச்சி. சிக்னல் கெடச்சதும் பேசுவானுவ" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. கயிறு, பெயிண்ட், தார்ப்பாய் என்று தோணிக்காரர்களுக்கு வேண்டியதை விற்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஞாயிறு பூசையும் வீட்டில் செபமாலையும் நான் அறிந்து தவறியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஹாலில் ஆண்டவரின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் மாட்டியிருந்தது. என் மனைவியின் தாய்வீட்டை இடித்தபோது அவளுக்கு வந்தது அது. நடுவில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண். தலையில் கிரீடம். அதற்குப் பின்னால் பெரிய இறகுகள் கதிர் வீசுவதுபோல் விரிந்திருக்கும். ஒரு கையை மேலே தூக்கியிருப்பாள். அவள் காலடியில் தொப்பை பெருத்த ஒரு ராஜா நாற்காலியோடு மல்லாந்து விழுந்து கிடப்பார். பக்கத்தில் ஒரு பச்சைப் பை வாயைத் திறந்து கிடக்கும், அதிலிருந்து பாம்பும் தேளும் வெளியே வரும். மூலையில் கடல், பாய் விரித்த கப்பல். கப்பல் தட்டில் ஒரு மீசைக்காரர் நெஞ்சில் கையை வைத்து முழந்தாளிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் புகை மாதிரி ஒரு வளையம் வரும், அதற்குள் பொடிப்பொடியாகச் சுழித்த எழுத்து இருக்கும்.

மனைவி வீட்டில் சொல்லிவந்த விளக்கம் இதுதான். அவள் ஒரு ராணி. கொடுமைக்கார ராஜாவை உதறிவிட்டு விசுவாசத்துக்காகக் கப்பலேறியவள். பச்சைப் பை பசாசு கொண்டுவந்த பை. மீசைக்காரர் புயலில் தப்பிய மாலுமி, அவளுக்கு நன்றி சொல்கிறார். எழுத்தெல்லாம் லத்தீன் செபம். பெயர் தெரியாததால் கப்பல் ராணி என்றார்கள். கொழும்புக்குத் தோணி ஓட்டிய முன்னோர் ஒருவர் கொண்டுவந்தார் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. ஒருமுறை வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே, "இது யாரு?" என்று கேட்டார். "ராணி, சாமி" என்றாள் என் மனைவி. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கடலுக்குப் போனவர்கள் திரும்பத் தாமதமானால் தெருப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவள் முன்னால் மெழுகுதிரி ஏற்றுவார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு. வராதவர்களும் உண்டு. வராதவர்களைப் பற்றி யாரும் அவளைக் குறை சொன்னதில்லை.

மகனிடமிருந்து தகவல் இல்லை என்றானதும் என் மனைவி ஒரு நேர்ச்சை செய்தாள். அரித்துப் போன பழைய சட்டத்தை மாற்றிக் கப்பல் ராணிக்குப் புதுச் சட்டம் போட்டு வைப்பதாக. சுவரிலிருந்து கழற்றும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு வந்து, படம் கைநழுவிக் கண்ணாடி கீறிவிட்டது. அபசகுனம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றி, மேலே பாலித்தீன் பையைப் போட்டு, மழையோடு படக்கடைக்கு எடுத்துப் போனேன்.

படக்கடைக்காரர் பனங்காட்டுப் பக்கத்து அண்ணாச்சி. முருகனுக்கும் மாதாவுக்கும் மக்கா படத்துக்கும் ஒரே பலகையில் வைத்துச் சட்டம் அடிப்பார். "எந்தச் சாமியும் என் கடையில கொஞ்ச நேரம் குப்புறப் படுத்துத்தான் ஆவணும்" என்பார். அன்றைக்கு என்னைக் கண்டதும் விளையாட்டுப் பேச்சு பேசவில்லை.

"மவன்கிட்ட இருந்து தாக்கல் எதும் உண்டா அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல."

"வந்துருவான். நீங்க இங்கன உக்காருங்க."

படத்தைக் குப்புறப் போட்டுத் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பின்பலகையைத் தூக்கியதும் கையை நிறுத்தினார். படத்தின் அடிப்பகுதி மடிந்து சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. மெல்ல விரித்தார். அதில் பெரிய எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே பாட்டு மாதிரி சில வரிகள். லத்தீன் இல்லை, இங்கிலீஷ். எனக்கே அவ்வளவு தெரிந்தது. அண்ணாச்சி படத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீய. நானும் எத்தனையோ சாமி படம் பாத்துட்டேன். சாமி படத்துல கெட்டவன வரஞ்சா பாக்கப் பயமா இருக்கணும். இந்தக் குண்டர் மூஞ்சியப் பாருங்க, சிரிப்புல்லா வருது. தேர்தல் சமயத்துல பேப்பர்ல போடுவானே, அந்த மாதிரி இருக்கு."

"என்ன சொல்லுதீய?"

"நான் ஒண்ணும் சொல்லல. படிச்சவங்க யார்ட்டயாவது காட்டிட்டு வாங்க. அதுக்குப் பொறவு சட்டம் போடுவோம்."

அவர் கண்ணாடி வெட்ட மறுத்ததுதான் எனக்கு முதல் நடுக்கம். வந்த வேலையை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு டீச்சர் இருக்கிறார்கள். சாயர்புரத்துக்காரர். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், புரொட்டஸ்டன்ட் சபை. என் மனைவி ஜன்னலில் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டே அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். டீச்சர் படத்தை மேசையில் விரித்து, போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார்கள். உதடு மட்டும் அசைந்தது. மீசைக்காரர் வாயிலிருந்து வரும் வளையத்துக்கு வந்ததும் உதடும் நின்றுவிட்டது. போனில் எதையோ தேடினார்கள். இதே மாதிரி தொப்பை ராஜாவும் பச்சைப் பையும் உள்ள வேறு படங்கள் வரிசையாக வந்தன.

"அண்ணன், இத வீட்டுல எங்க மாட்டியிருந்தீங்க?"

"ஹால்ல. திரு இருதயத்துக்குப் பக்கத்துல."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். "இது சாமி படம் இல்ல அண்ணன். கேலிப் படம்."

இருநூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் இப்படிப் படங்களைத் தகட்டில் கீறி அச்சடித்து, கையால் வர்ணம் பூசி விற்பார்களாம். கடை ஜன்னலில் ஒட்டினால் தெருவே கூடி நின்று சிரிக்குமாம். வாங்க முடியாதவர்களும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். அப்போது அந்த நாட்டு ராஜாவுக்கும் ராணிக்கும் ஒத்துவரவில்லை. ராஜாவுக்கு வெளியே எத்தனையோ தொடுப்பு. ஆனாலும் அவர், தன் ராணி வெளிநாட்டில் அவளிடம் வேலை பார்த்த ஒருவனோடு வாழ்ந்தாள் என்று பிரபுக்கள் சபையில் வழக்கு வைத்தார். அதற்கான சாட்சியங்களைப் பச்சைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். நாடு முழுக்க அதே பேச்சு. ராஜாவைக் கேலி செய்து ஒரு படம், ராணியைக் கேலி செய்து ஒரு படம் என்று வந்துகொண்டே இருந்ததாம்.

"இதுல ரெண்டு பேரையும் சேத்துல்லா கேலி பண்ணியிருக்கான்" என்றார்கள் டீச்சர்.

"அப்ப இந்த மீசைக்காரர்?"

"அவன்தான் அந்த ஆளு."

"என்ன சொல்லுதாரு? அவரு வாயில என்னமோ எழுதியிருக்கே."

"அது வேண்டாம் அண்ணன்."

அந்த மீசைக்காரர் காலைத் தொட்டு என் மகன் கும்பிட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் தோணி ஏறுவான்.

என்ன கேட்பதென்று தெரியாமல், "அந்த ராணிக்குப் பிள்ள உண்டா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். டீச்சர் கொஞ்சம் தயங்கினார்கள். ஒரே மகள். கல்யாணமாகிப் பிரசவத்தில் இறந்துபோனாள். தாய் அப்போது கடல் தாண்டி வேறு நாட்டில் இருந்தாள். அவளுக்கு யாரும் முறையாகச் சொல்லி அனுப்பவில்லை. யாரோ வழியோடு போனவன் வாயிலிருந்துதான் அவளுக்குத் தெரிந்ததாம். பிறகு ராஜாவுக்கு முடிசூட்டு நடந்த அன்று அவள் கோவில் வாசலுக்கு வந்தபோது உள்ளே விடவில்லை. அதன்பின் அதிக நாள் அவள் உயிரோடு இல்லை.

படத்தைச் சுற்றிக் கடைக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். வீட்டுக்கு எடுத்துப்போகத் தைரியம் வரவில்லை. "பசை காயணுமாம்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வெறும் சுவருக்கு முன்னாலேயே மெழுகுதிரியை ஏற்றி உட்கார்ந்தாள். தெருப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்று செபமாலை மணியைத் தள்ளினேனே தவிர வாயில் வார்த்தை வரவில்லை.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு தேவனை வணங்காதே என்கிற முதல் கற்பனையைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவன் நான். ஊர் கூடிச் சிரித்த ஒரு அசிங்கத்தைச் சுவரில் மாட்டி, திரு இருதயத்துக்குச் சமமாக வைத்து, பிள்ளையைக் காப்பாற்று என்று அதனிடம் அழுதிருக்கிறோம். மற்ற நாளாக இருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். பிள்ளை நடுக்கடலில் இருக்கும்போது தெரிந்ததே, அதுதான் என்னை உலுக்கியது. ஆண்டவர் கணக்குத் தீர்க்க இந்த நேரத்தைப் பார்த்து எடுத்தாரோ என்று நினைத்தேன். இடி இடிக்கும்போதெல்லாம் அந்தப் பச்சைப் பைதான் கண்ணில் வந்தது. அந்த ராணியிடம் சொன்ன செபம் எல்லாம் எங்கே போயிருக்கும்? மேலே போயிருக்குமா, அந்தக் கடை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்குமா?

அடுத்த நாள் தோணி முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டார். வேறொரு தோணிக்காரர்கள் வருகிற வழியில் வெங்காயச் சாக்குகள் மிதந்து போனதைப் பார்த்தார்களாம்.

"பாரத்தக் கொறைக்கத் தள்ளி விட்டுருப்பானுவ" என்றார். "அப்பிடித் தள்ளுறது வழக்கந்தான், ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். சாக்கு மிதப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பதும் தெரியும்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. ஹாலில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். என் மனைவி எழுந்து வந்தாள். முந்திய நாளிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

"ஏங்க, போய் அவளக் கொண்டாங்க. கண்ணாடி இல்லாட்டாலும் சரி, சட்டம் இல்லாட்டாலும் சரி. நான் மடியில வச்சுக்கிடுதேன்."

"பொறுளா. சொல்லுதேன்."

"என்ன பொறுக்க? சாக்கு மெதக்குதுங்காவ. நீங்க பசை காயலங்கீய."

அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போய்ச் சொன்னேன். மெதுவாகச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. எல்லாமே ஒரே மூச்சில் வந்துவிட்டது. ராஜா, வழக்கு, பச்சைப் பை, மீசைக்காரர். மறைக்க நினைத்திருந்த மகள் கதையும் வந்துவிட்டது. சொல்லி முடித்து, அவள் விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று கிட்டே போய் நின்றேன்.

அவள் சிங்க் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வழிப்போக்கன் சொல்லியா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ஒருத்தருமே சொல்லி விடலயா?"

"டீச்சர் அப்பிடித்தான் சொன்னாவ."

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, "இத்தன வருசமா அவகிட்ட அதக் குடு இதக் குடுன்னு கேட்டுக்கிட்டே இருந்துருக்கோம். அவ ஆத்துமத்துக்குன்னு எவளாவது ஒரு திரி ஏத்தியிருப்பாளா?" என்றாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. செத்தபின் பாவம் கழியக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் நினைப்பாரில்லாமல் கிடக்கிற ஆத்துமங்களுக்காகச் செபமாலையின் கடைசியில் ஒரு செபம் சொல்லுவோம். அவர்களுக்காக நாம் வேண்டினால், அவர்கள் கரையேறி நமக்காக வேண்டுவார்கள் என்பது நம்பிக்கை. அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அவ வேற சபைளா. அவுகளுக்கு உத்தரிக்கிற ஸ்தலமே கெடையாதாம்."

"செத்த பொறவு என்ன சபை?"

ஹாலுக்கு வந்து பெண்களிடம் அவளே சொன்னாள். நான் தடுக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. சுருக்கமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் வாயைத் திறந்தது. அந்த அக்காவின் நாக்குக்கு மீன் கடையிலேயே பயப்படுவார்கள்.

"ஏளா, அப்ப இத்தன நாளும் கள்ளப்புருசனுக்கா நான் முட்டங்கால் போட்டேன்? என் புருசனுக்குக்கூட நான் போட்டதில்லையே."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அடக்க முடியாத சிரிப்பு. என் மனைவியும் சிரித்தாள், கண்ணில் நீர் வடிய, சுவரைப் பிடித்துக்கொண்டு. அந்தப் படத்தைக் கீறியவன் எதற்காகக் கீறினானோ அது எங்கள் ஹாலில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சாக்கு மிதக்கிறது. பிள்ளை எங்கே என்று தெரியவில்லை. இந்த நேரத்தில் இந்த வீட்டில் சிரிப்பா? "நிறுத்துங்க" என்று கத்தினேன். நான் பெண்கள் முன்னால் அப்படிக் கத்தினதில்லை.

அவர்கள் நிறுத்தினார்கள். என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு முழந்தாளிட்டாள். அந்த ராணியின் ஆத்துமத்துக்காகத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு அக்காவின் குரல்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது. நான் முழந்தாளிட்டேனே தவிர, இதுவும் சேர்ந்து குற்றமாகிவிடுமோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது அன்றைக்கு இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கும் பிறகு ஒரு மத்தியானம், கடையில் கயிறு அளந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து வந்தது. இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல்.

"அப்பா."

நான் கயிற்றைக் கீழே போட்டேன்.

இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டதாம். சரக்கைத் தள்ளிவிட்டுப் பாயை மட்டும் வைத்து ஒதுங்கினார்களாம். மாலத்தீவைச் சேர்ந்த ஏதோ ஒரு குட்டித் தீவில் மீன்காரர்கள் கண்டு இழுத்துப் போனார்களாம். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

"அம்மாட்ட சொல்லுங்கப்பா. கப்பல் ராணிதான் காப்பாத்துனா."

"சரிலே" என்றேன்.

அவன் வந்து சேர்ந்தபோது தோளில் தோல் உரிந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உள்ளே வந்ததும் சுவரைத்தான் பார்த்தான். அங்கே படம் இல்லை. அண்ணாச்சி கடையிலிருந்து வாங்கி வந்து, சட்டம் போடாமல் அலமாரியில் வைத்திருந்தோம். நேர்ச்சையை எப்படி முடிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சாமியாரிடம் கேட்க இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவன் அம்மா சொன்னாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். இந்தக் காலத்துப் பையன்தானே, போனில் இப்படிப் படங்களை நாள் முழுக்கப் பார்க்கிறவன்தானே. அவன் சிரிக்கவில்லை. படத்தை எடுத்து வரச்சொல்லி மடியில் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தான். மீசைக்காரர் காலடியில் வர்ணம் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தடவினான். அவன் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம்தான் அது. மேலே கண்ணாடி இருந்தும் எப்படித் தேய்ந்தது என்று கேட்டேன். சின்னப் பிள்ளையில் கண்ணாடியின் கீழ் மூலை உடைந்திருந்தது, அந்த ஓட்டைக்குள் விரலை விடுவேன் என்றான்.

பிறகு சொன்னான்: "அல இஞ்சின் ரூமுக்குள்ள வந்தப்ப எனக்கு மாதா பேரு வாயில வரலப்பா. இவ பேருதான் வந்துச்சு. அதத்தான் கத்துனேன். மத்தவனுவளும் என்னப் பாத்து அதையே கத்துனானுவ."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப நாங்க கத்துனத யாரு கேட்டா?"

"ஆண்டவர்தாம்லே" என்றேன். "யாரக் கூப்புட்டாலும் கேக்குறது அவருதான்."

"அப்பிடியா" என்றான். படத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனான். நான் சொன்னது எனக்கே எட்டாத பதில் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து விட்டார்கள். தோணியில் மறுபடியும் சரக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. கரையில் வேறு வேலை பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவன் அம்மா இப்போதும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த ராணியின் ஆத்துமத்துக்காகச் செபம் சொல்கிறாள். பக்கத்து வீட்டு அக்காவும் வருகிறது. அவன் மட்டும் செபமாலை நேரத்தில் வாசலில் போய் நின்றுகொள்கிறான். வா என்று கூப்பிட்டால், "நீங்க சொல்லுங்கப்பா" என்கிறான்.

உண்மையைச் சொன்னது சரிதான் என்று டீச்சர் சொல்கிறார்கள். சரியாகவே இருக்கட்டும். இன்னொரு தடவை அலை உள்ளே வந்தால் என் பிள்ளை வாயில் எந்தப் பெயர் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே வராமல் போய்விடுமோ என்பதுதான் இப்போது என் பயம். அவன் வாசலில் நிற்கும்போது, அவனுக்கும் சேர்த்து நான் செபத்தைச் சத்தமாகச் சொல்கிறேன்.